டெஸ்க்டாப் பிராசசரா, சர்வர் பிராசசரா: காசை எடுக்கும் முன் போட வேண்டிய கணக்கு

கோயம்புத்தூரில் கட்டட வரைபட வேலை பார்க்கும் தம்பி ஒருவன் போன வருஷம் போன் செய்தான். "அண்ணா, 28 திரெட் இருக்கிற ஜியான் போட்டிருக்கேனுங்க. இருந்தும் மாடலைத் திருப்புனா திக்கித் திக்கித்தான் நகருதுங்க. பழைய மெஷினே தேவலைங்கற மாதிரி இருக்கு."

டாஸ்க் மேனேஜரைத் திறந்து, கிராஃபை ஒவ்வொரு திரெட்டுக்கும், அதாவது பிராசசர் ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய ஒவ்வொரு வேலை வரிசைக்கும், தனிக் கட்டமாகப் பிரித்துப் போட்டு, மாடலைத் திருப்பிக்கொண்டே ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். வந்தது. 28 சின்னக் கட்டங்கள். ஒன்றே ஒன்று விளிம்பு வரை நிரம்பி இருந்தது. இரண்டு மூன்று கட்டங்களில் புல் முளைத்த உயரத்துக்குக் கோடு. மற்றவை எல்லாம் வழித்துவிட்ட மாதிரி காலி. ஓரத்தில் மொத்தப் பயன்பாடு என்று 6 சதவீதம் காட்டியது. 28 பேர் வேலை செய்யத் தயாராக நிற்க, ஒரே ஒருவன் மூட்டை தூக்கிக்கொண்டிருக்கிறான்; அந்த ஒருவனும் மெதுவாக நடக்கிறவன்.

அவன் வாங்கியது இன்டெலின் சர்வர் பிராசசரான ஜியான் இ5-2680 வி4. 2016ல் வந்தது. 14 கோர் (உள்ளே தனித்தனியாக வேலை செய்யும் மூளைகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு திரெட்), அடிப்படை வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ், ஏறினால் 3.3. கோரின் எண்ணிக்கையைப் பார்த்து வாங்கிவிட்டான். இப்படிப் பலரும் வாங்குகிறார்கள். எதிர்ப்பக்கமும் உண்டு: நாள் முழுக்கப் பத்து விர்ச்சுவல் மெஷின் (ஒரே கம்ப்யூட்டருக்குள் தனித்தனிக் கம்ப்யூட்டர் மாதிரி ஓடுபவை) ஓட வேண்டிய இடத்தில் கேமிங் பிராசசரைப் போட்டுவிட்டு, ரேம் போதாமல் முழிப்பவர்கள். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், ஒரே வயிற்றுப் பிள்ளைகள் இருவர்

எது எதற்கு என்று புரிய, ஒரே கம்பெனி, ஒரே தலைமுறை, ஒரே கோர் எண்ணிக்கை உள்ள இரண்டை அருகருகே வைத்துப் பார்ப்பதுதான் நல்ல வழி. ஏஎம்டியின் ரைசன் 9 7950எக்ஸ் 2022 செப்டம்பரில் வந்தது. இரண்டு மாதம் கழித்து எபிக் 9124 வந்தது. முன்னது டெஸ்க்டாப், பின்னது சர்வர். இரண்டிலும் ஜென் 4 என்ற ஒரே வடிவமைப்புக் கோர்தான். இரண்டிலும் 16 கோர், 32 திரெட், 64 எம்பி மூன்றாம் நிலை கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் சின்ன நினைவகம்). ரைசன் 5.7 கிகாஹெர்ட்ஸ் வரை ஏறும். எபிக் 3.7லேயே நின்றுவிடும். அறிமுக விலை ரைசனுக்கு 699 டாலர், எபிக்குக்கு 1,083 டாலர்.

மெதுவாக ஓடுகிற எபிக்குக்கு விலை ஏன் ஒன்றரை மடங்கு? கோரைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள். ரைசனிலிருந்து ரேமுக்கு இரண்டு சேனல் (தரவு போகும் பாதை) போகிறது, எபிக்கிலிருந்து 12. ரைசனில் கிராபிக்ஸ் கார்டும் எஸ்எஸ்டியும் மாட்ட நம் கைக்கு வரும் பிசிஐஇ லேன் 24, எபிக்கில் 128. ரைசன் தாங்கும் ரேம் சில நூறு ஜிபி. எபிக் 6 டிபி வரை போகும். உள்ளே இருக்கும் 16 பேரும் ஒரே திறமைக்காரர்கள்தான். ஒரு வீட்டுக்கு வேகமான ஆட்கள், சின்ன வாசல். இன்னொன்றுக்கு நிதானமான ஆட்கள், கோயில் கோபுர வாசல். சர்வர் பிராசசருக்குக் கொடுக்கும் காசில் பெரும்பங்கு இந்த வாசலுக்குத்தான் போகிறது. உங்கள் வேலைக்கு அந்த வாசல் தேவையா என்பதுதான் கேள்வி. அதைக் கண்டுபிடிக்கும் வழியைப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: இருக்கும் மெஷினை ஒரு நாள் உளவு பாருங்கள்

புதிதாக எதையும் வாங்கும் முன், இப்போதுள்ள கம்ப்யூட்டரில் உங்களை எரிச்சலூட்டும் வேலையை ஓடவிட்டுப் பாருங்கள். விண்டோஸ் என்றால் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போய், சிபியு கிராஃப் மேல் வலது கிளிக் செய்து, லாஜிகல் பிராசசர் வாரியாகக் காட்டச் சொல்லுங்கள். லினக்ஸ் என்றால் எச்டாப் என்ற கருவி போதும். மொத்த சதவீதத்தை நம்பாதீர்கள். 28 திரெட் மெஷினில் ஒரு திரெட் முழுசாக மூச்சுத் திணறினாலும் மொத்தத்தில் அது 4 சதவீதத்தைக்கூடத் தொடாது.

ஒரே கட்டம் மட்டும் நிரம்பி, மற்றவை சும்மா இருந்தால் உங்களுக்குத் தேவை கிளாக் வேகம், அதாவது அந்தக் கிகாஹெர்ட்ஸ். அப்போது டெஸ்க்டாப் பிராசசர்தான். மேற்கொண்டு யோசிக்க வேண்டியதே இல்லை. முப்பரிமாண மாடலைத் திருப்புவது, பெரிய எக்செல் ஷீட், பெரும்பாலான கேம்கள், மைன்கிராஃப்ட் சர்வர்கூட இந்த வகைதான். மைன்கிராஃப்டைப் பெயரில் சர்வர் என்று சொன்னாலும், அதன் உலகம் நொடிக்கு 20 முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பின் முக்கிய வேலையும் ஒரே திரெட்டில் 50 மில்லி செகண்டுக்குள் முடிய வேண்டும். அங்கே 96 கோரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஜெர்மனியின் ஹெட்ஸ்னர் போன்ற பெரிய ஹோஸ்டிங் கம்பெனிகளே ரைசன் போட்ட மெஷின்களைச் சர்வராக வாடகைக்கு விடுகின்றன.

எல்லாக் கட்டமும் நிமிஷக்கணக்கில் நிரம்பி நின்றால் அடுத்த படிக்குப் போகலாம். கட்டங்கள் பாதிதான் நிரம்பி, ரேம் விளிம்பில் நின்று, எஸ்எஸ்டி பிசாசு பிடித்த மாதிரி ஓடினால் உங்கள் பிரச்சினை பிராசசரே இல்லை, ரேம். எதுவுமே நிரம்பாமல் வேலை மட்டும் இழுத்தால் டிஸ்க், நெட்வொர்க், அல்லது மென்பொருள் எழுதியவர் மேல்தான் பழி.

இதில் ஒரு பொறி உண்டு. பிராசசர் ரேமிலிருந்து தரவு வரக் காத்திருக்கும் நேரத்தையும் டாஸ்க் மேனேஜர் "வேலை செய்கிறது" என்றே காட்டும். கட்டங்கள் 100 சதவீதம் நிரம்பியிருக்கும்; உண்மையில் பாதி கோர்கள் வாசலில் வரிசையில் நிற்கும். இதைப் பிடிக்க எளிய வழி: அந்த மென்பொருளின் திரெட் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்து மறுபடி ஓட்டுங்கள். வேலை முடிய எடுக்கும் நேரம் கிட்டத்தட்ட மாறவே இல்லை என்றால் கோர் போதாமல் இல்லை, ரேமுக்குப் போகும் பாதை குறுகல். கோர் கூடிய டெஸ்க்டாப் வாங்கினாலும் இந்த நோய் தீராது. சேனல் கூடிய பிராசசரும் போர்டும் வேண்டும்.

படி 2: கோர் எத்தனை வரை பலன் தரும்?

கல்யாண வீட்டில் காய் நறுக்க 50 பேர் உட்காரலாம். ஆனால் அடுப்பில் ஏற்றிய சாம்பார் கொதிக்கிற நேரத்தை 50 பேரும் சேர்ந்து நின்றாலும் குறைக்க முடியாது. ஜீன் ஆம்டால் 1967ல் சொன்ன விதி இதுதான். ஒரு வேலையில் 90 சதவீதத்தைப் பிரித்துக் கொடுக்கலாம், 10 சதவீதம் ஒருவரே செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 16 கோர் போட்டால் வேகம் 6.4 மடங்கு. 64 கோர் போட்டால் 8.8 மடங்கு. 96 போட்டால் 9.1. கோடி கோர் போட்டாலும் 10ஐத் தாண்டாது. 16லிருந்து 96க்குப் போக எத்தனை லட்சம் கூடுதலாகக் கொடுக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். எபிக் 9654 என்ற 96 கோர் பிராசசரின் அறிமுகப் பட்டியல் விலை 11,805 டாலர். அது பிராசசருக்கு மட்டும்.

அதுமட்டுமில்லை. சர்வர் பிராசசரில் ஒவ்வொரு கோரின் வேகமும் குறைவு என்பதால், அந்தப் பிரிக்க முடியாத 10 சதவீதம் இன்னும் மெதுவாக ஓடும். ஒரு கை கொடுக்கிறது, இன்னொரு கை பிடுங்குகிறது.

எந்த வேலைகள் நன்றாகப் பிரியும்? பிளெண்டர் மாதிரி மென்பொருளில் முப்பரிமாண மாடலைப் படமாக்கும் ரெண்டர் வேலை, பெரிய மென்பொருளின் நிரலைக் கம்பைல் செய்வது (கம்ப்யூட்டர் ஓட்டும் வடிவுக்கு மாற்றுவது), ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல விர்ச்சுவல் மெஷின்கள், ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் வந்து போகும் இணையதளம். இவற்றில் பிரிக்க முடியாத பகுதி மிகச் சிறியது, அதனால் கோர் கூடக் கூடப் பலன் கூடும். உங்கள் வேலை எது என்று தெரியாவிட்டால் 4, 8, 16 என்று திரெட்டை மாற்றி மாற்றி ஓட்டி, நேரத்தைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எட்டிலிருந்து பதினாறுக்குப் போகும்போது நேரம் பாதியாகக் குறையாமல் கொஞ்சமே குறைந்தால், அதற்கு மேல் கோருக்குக் கொடுக்கும் காசு ஆற்றில் போட்டது.

படி 3: ரேம். பெரும்பாலான முடிவுகள் இங்கேதான் ஆகின்றன

என்னைக் கேட்டால், பிராசசர் பக்கத்தைப் படிப்பதை விட்டுவிட்டு எவ்வளவு ரேம் வேண்டும் என்று முதலில் எழுதுங்கள் என்பேன். 64 அல்லது 96 ஜிபி போதும் என்றால் டெஸ்க்டாப் தாராளம். 128ஐத் தாண்டும்போதுதான் நெருடல் ஆரம்பிக்கும். 7950எக்ஸ் போன்ற ரைசன்கள் உட்காரும் ஏஎம்5 போர்டில் பெரும்பாலும் நாலு ரேம் ஸ்லாட் இருக்கும். நாலையும் நிரப்பினால் டிடிஆர்5 ரேமின் வேகத்தை 3600 வரைக்கும்தான் ஏஎம்டி உறுதி சொல்கிறது. இரண்டு குச்சி போட்டால் 5200, 5600 என்று ஓடும் அதே ரேம். விளம்பரத்தில் 6000 என்று பார்த்து நாலு குச்சி வாங்கியவர், பயாஸில் (போர்டின் அடிப்படை அமைப்புத் திரையில்) அந்த வேகத்தை வைத்துவிட்டு மெஷின் திரையே காட்டாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அரை நாள் போக்கியிருப்பார். அந்த அரை நாள் எனக்கும் போயிருக்கிறது.

அடுத்து அகலம். கணக்கு எளிது: ரேம் வேகத்தை 8ஆல் பெருக்கி, சேனல் எண்ணிக்கையால் பெருக்குங்கள். இரண்டு சேனலில் டிடிஆர்5-5600 என்றால் நொடிக்கு 89.6 ஜிபி. 12 சேனலில் டிடிஆர்5-4800 என்றால் 460.8 ஜிபி. ஒரு குச்சியின் வேகம் குறைவுதான், ஆனால் மொத்தப் பாதை ஐந்து மடங்கு அகலம்.

இது எங்கே உரைக்கும்? வீட்டிலேயே செயற்கை நுண்ணறிவு மொழி மாடலை, கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் பிராசசரில் ஓட்ட நினைப்பவர்களுக்கு. சில வகை மாடல்களைத் தவிர, ஒவ்வொரு சொல்துண்டை உருவாக்கவும் மாடல் முழுவதையும் ரேமிலிருந்து ஒரு முறை படிக்க வேண்டும். மாடல் 40 ஜிபி என்றால் டெஸ்க்டாப்பில் நொடிக்கு அதிகபட்சம் இரண்டு துண்டு, 12 சேனல் எபிக்கில் அதிகபட்சம் பதினொன்று. காகிதக் கணக்கு இது. நடைமுறையில் இரண்டுமே இதைவிடக் குறையும். ஆனால் விகிதம் இப்படித்தான். இந்த வேலையில் 5.7 கிகாஹெர்ட்ஸ் ஒன்றுக்கும் உதவாது.

ஒரு எச்சரிக்கை. 12 சேனல் போர்டு வாங்கிவிட்டு, "இப்போதைக்கு ரெண்டு குச்சி போதும், மீதி அப்புறம்" என்று போட்டால் கிடைப்பது இரண்டு சேனல் அகலம்தான். சர்வர் விலை கொடுத்து டெஸ்க்டாப் பாதை. 12 குச்சிக்கும் சேர்த்துப் பட்ஜெட் போட முடியாவிட்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள். 2025 கடைசியில் ரேம் விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இசிசி என்ற பிழை திருத்தும் ரேமைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரேமில் எப்போதாவது ஒரு பிட் தானாகப் புரண்டுவிடும். சாதா ரேம் அதைக் கண்டுகொள்ளாது. இசிசி ரேம் ஒரு பிட் புரண்டால் திருத்திவிடும், இரண்டு புரண்டால் திருத்த முடியாவிட்டாலும் கத்திச் சொல்லிவிடும். கூகுள் தன் சர்வர்களை இரண்டரை வருஷம் கவனித்து 2009ல் வெளியான ஆய்வில், ஒரு வருஷத்தில் 8 சதவீதத்துக்கும் மேற்பட்ட ரேம் குச்சிகளில் பிழை பதிவாகியிருந்தது. கேம் விளையாடும்போது ஒரு பிட் புரண்டால் மரத்தின் நிறம் மாறும், போகட்டும். நாலு வருஷக் கணக்கு வழக்கு டேட்டாபேஸில் புரண்டால், அந்தத் தப்பான எண் அன்றைய பேக்கப்பிலும், அடுத்த நாள் பேக்கப்பிலும் சத்தமில்லாமல் போய் உட்காரும். தெரிய வரும்போது சரியான பிரதி எங்கும் இருக்காது.

"டிடிஆர்5லயே இசிசி இருக்காமே" என்று கடைக்காரர் சொல்வார். இருக்கிறது, சிப்புக்குள்ளே மட்டும். ரேமிலிருந்து பிராசசருக்கு வரும் வழியில் நடக்கும் தப்பை அது பிடிக்காது, பிடித்ததை உங்களிடம் சொல்லவும் சொல்லாது. முழு இசிசி வேறு, அதற்குத் தனிக் குச்சி, அதை ஆதரிக்கும் போர்டு, பிராசசர் மூன்றும் வேண்டும்.

குச்சியிலும் இரண்டு ஜாதி: டெஸ்க்டாப் போர்டுக்கு யூடிம், பெரிய சர்வர் போர்டுக்கு ஆர்டிம். ஒன்றுக்குப் பதில் மற்றது வேலை செய்யாது. டிடிஆர்5ல் மின்சாரம் கொடுக்கும் முறையே வேறு, நடுவிலுள்ள வெட்டும் இடம் மாறியிருக்கும். பழைய சர்வரிலிருந்து கழற்றிய ரேம் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி டெஸ்க்டாப்பில் செருகப் பார்க்காதீர்கள்.

படி 4: லேனை எண்ணுங்கள்

ஒரு தாளை எடுத்து, மாட்டப் போவதை எல்லாம் எழுதுங்கள். கிராபிக்ஸ் கார்டு ஒன்றுக்கு 16 லேன். என்விஎம்இ எஸ்எஸ்டி ஒன்றுக்கு 4. பத்து கிகாபிட் நெட்வொர்க் கார்டுக்கு 4 அல்லது 8. கூட்டுங்கள். ஒரு கிராபிக்ஸ் கார்டு, இரண்டு எஸ்எஸ்டி: 24. ரைசனில் கச்சிதமாக அடங்கும். இரண்டு கிராபிக்ஸ் கார்டு, நாலு எஸ்எஸ்டி, ஒரு நெட்வொர்க் கார்டு என்றால் 52 முதல் 56. டெஸ்க்டாப்பில் அடங்காது. கார்டுகள் எட்டு எட்டாகப் பிரித்துக்கொள்ளும், மீதி எல்லாம் போர்டிலுள்ள சிப்செட் என்ற உதவிச் சிப் வழியாக ஒரே சின்னக் குழாயில் நெரியும். பல நேரம் அதுவே போதும். கேமிங்குக்கு எட்டு லேனில் பெரிய நஷ்டம் தெரியாது. இருபது எஸ்எஸ்டி போட்ட ஸ்டோரேஜ் மெஷினுக்குப் போதாது.

படி 5: எங்கே இருக்கப் போகிறது, யார் பார்த்துக்கொள்வார்கள்

மெஷின் உங்கள் மேசைக்கு அடியில் இருக்குமானால் நின்றுபோனால் பட்டனை அழுத்துவீர்கள். 300 கிலோமீட்டர் தள்ளி, பூட்டிய அறையில் இருந்தால்? சர்வர் போர்டுகளில் பிஎம்சி என்று தனியாக ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் இருக்கும். அதற்குத் தனி நெட்வொர்க் போர்ட் உண்டு. மெயின் பிராசசர் செத்துக் கிடந்தாலும் இது விழித்திருக்கும். வீட்டில் உட்கார்ந்தபடி பவர் போட்டு நிறுத்தலாம், பயாஸுக்குள் போகலாம், விண்டோஸையோ லினக்ஸையோ புதிதாகவே ஏற்றலாம். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு முறை இது காப்பாற்றினால், அதற்குக் கொடுத்த கூடுதல் காசைப் பற்றி அப்புறம் பேச மாட்டீர்கள். ஆனால் இந்தப் போர்ட்டை நேராக இன்டர்நெட்டில் திறந்து வைக்காதீர்கள். வீட்டுச் சாவியைத் திண்ணையில் வைப்பது அது.

சத்தம். ராக்கில் மாட்டும் மெல்லிய சர்வர்களில் 40 மில்லிமீட்டர் ஃபேன்கள் இருக்கும். ஆன் செய்ததும் மிக்ஸியில் மிளகாய் அரைக்கிற மாதிரி கத்தும். படுக்கையறை ஓரத்தில் வைக்கலாம் என்று வாங்கியவர்கள் ஒரு வாரத்தில் மாடிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். பெரிய கேபினெட்டில் சர்வர் போர்டைப் போட்டால் சத்தம் குறையும். ஆனால் அந்தப் போர்டுகள் முன்னாலிருந்து பின்னால் நேராகக் காற்று வீசும் என்று நம்பி வடிவமைத்தவை. ரேம், நெட்வொர்க் சிப் மேலெல்லாம் காற்று படும்படி ஃபேன் வைக்காவிட்டால் சூடேறிவிடும்.

கரண்ட் பில். வேலையே இல்லாமல் சும்மா இருக்கும்போது பழைய சர்வர் மெஷின் ஒன்று 120 வாட், டெஸ்க்டாப் 50 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். வித்தியாசம் 70 வாட். 24 மணி நேரம், 60 நாள்: 100 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கிடைக்கும் இலவச 100 யூனிட், அந்தப் பெட்டி சும்மா இருப்பதற்கே போய்விட்டது. ஏசி போட்டால் அது தனி. யானையைக் கட்டித் தீனி போடுவது என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

டெஸ்க்டாப் பிராசசரை 24 மணி நேரம் ஓட்டவே கூடாது என்று ஒரு பேச்சு உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நல்ல பவர் சப்ளை, யூபிஎஸ், சரியான கூலர் இருந்தால் வருஷக்கணக்கில் ஓடும். ஆனால் டெஸ்க்டாப் போர்டுகளின் முன்னமைப்புகள் பெஞ்ச்மார்க்கில் ஜெயிக்க வைத்தவை. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை கோர் பிராசசர்களில் கூடுதல் வோல்டேஜால் நிலைகுலையும் பிரச்சினை 2024ல் பெரிதாக வெடித்தது; இன்டெல் அதற்கு மைக்ரோகோட் (பிராசசரின் உள் மென்பொருள்) திருத்தம் விட்டு, வாரண்டியையும் இரண்டு வருஷம் நீட்டியது. அந்தத் தலைமுறையை வாங்கினால், முக்கியமாகப் பழசாக வாங்கினால், முதல் வேலை பயாஸ் அப்டேட். எந்தப் பிராசசரானாலும் நாள் முழுக்க ஓட்டப் போகிறீர்கள் என்றால் பயாஸில் பவர் லிமிட்டைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள். கடைசி ஐந்து சதவீத வேகத்துக்குத்தான் பாதி சூடு.

படி 6: லைசென்ஸ்

சின்ன விஷயம் மாதிரி தெரியும், பெரிய பில்லில் முடியும். மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வரைக் கோர் கணக்கில் விற்கிறார்கள். விண்டோஸ் சர்வருக்கும் கோர் கணக்குதான். ஒரு மெஷினுக்குக் குறைந்தது 16 கோருக்கு லைசென்ஸ் வாங்கியே ஆக வேண்டும். 64 கோர் பிராசசரை மலிவாகப் பிடித்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டால் மென்பொருள் பில் அதை விழுங்கிவிடும். இதற்காகவே கோர் குறைவாக, கிளாக் அதிகமாக உள்ள சர்வர் பிராசசர்கள் வருகின்றன. எபிக் 9174எஃப் ஒரு உதாரணம்: 16 கோர், 4.4 கிகாஹெர்ட்ஸ் வரை, கேஷ் 256 எம்பி. லினக்ஸும் போஸ்ட்கிரஸ் என்ற இலவச டேட்டாபேஸும் ஓட்டுகிறவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம்.

படி 7: நடுவில் ஒரு வழி இருக்கிறது

இத்தனையும் படித்துவிட்டு "எனக்கு டெஸ்க்டாப் வேகமும் வேணும், இசிசியும் வேணும், தூரத்திலிருந்து பார்க்கிற வசதியும் வேணும்" என்று தோன்றினால், நீங்கள்தான் பெரும்பான்மை. பத்து இருபது பேர் வேலை பார்க்கும் ஆபீசுக்குக் கோபுர வாசல் வேண்டாம்; நல்ல கதவு போதும்.

ஏஎம்டி 2024 மே மாதம் எபிக் 4004 வரிசையை விட்டது. சாக்கெட் ஏஎம்5, உள்ளே ரைசன்தான். எபிக் 4564பி என்பது 16 கோர், 5.7 கிகாஹெர்ட்ஸ். இசிசி யூடிமுக்கு முறையான உத்தரவாதம், பிஎம்சி உள்ள போர்டுகள். சேனல் அதே இரண்டு, நம் கைக்கு வரும் லேன் அதே 24தான். இன்டெல் பக்கம் ஜியான் இ-2400 வரிசை இதே ரகம், எட்டு கோர் வரை. இன்டெல் டெஸ்க்டாப் பிராசசர்களிலேயே 12ஆம் தலைமுறையிலிருந்து பல மாடல்கள், டபிள்யூ680 சிப்செட் போர்டில் போட்டால் இசிசியை ஏற்கும். சாதா ரைசனும் போர்டு ஒத்துழைத்தால் ஏற்கும். வாங்கும் முன் அந்தப் போர்டின் கையேட்டில் இசிசி என்ற சொல் இருக்கிறதா என்று நீங்களே படியுங்கள். 8000ஜி வரிசை ரைசன்களில் ப்ரோ மாடல் அல்லாதவற்றுக்கு இசிசி கிடையாது.

எதிர்த்திசையில், கிளாக்கும் வேண்டும் லேனும் வேண்டும் என்பவர்களுக்கு ஏஎம்டியின் திரெட்ரிப்பர் பிராசசர். சினிமா எடிட்டிங், விஎஃப்எக்ஸ் செய்யும் இடங்களில் இதைப் பார்க்கலாம். விலையைக் கேட்டுவிட்டு உட்கார நாற்காலி தேடுங்கள்.

படி 8: பழைய ஜியான் வாங்கலாமா?

சென்னை ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ பெரிய கம்பெனிகள் கழித்துப் போட்ட ஜியான்கள் மலிவாகக் கிடைக்கின்றன. 14 கோர், புது பிராசசர் விலையில் ஒரு துளி. ஆசை வரத்தான் செய்யும். ஆனால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

அந்தப் பிராசசருக்குப் புது போர்டு இப்போது பெரிய பிராண்டுகளில் வருவதில்லை. எக்ஸ்99 என்று பெயர் போட்ட சீன போர்டுகள்தான் கதி. அவற்றில் பலவற்றில் இருப்பது உண்மையான எக்ஸ்99 சிப்செட் இல்லை. பழைய டெஸ்க்டாப் போர்டுகளிலிருந்து உரித்த பி85, எச்81 ரகச் சிப்செட். பயாஸ் அப்டேட் வராது, வாரண்டி கடைக்காரரின் வாய்வார்த்தை. இ5 வரிசையில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது, ஆக ஒரு கார்டு தனியாக வாங்க வேண்டும். 2016ன் ஜியான், விண்டோஸ் 11க்கான மைக்ரோசாஃப்டின் பட்டியலிலும் இல்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. ஆபீஸ் வேலைக்கு இது பெரிய இடைஞ்சல், லினக்ஸில் ஓட்டுவதானால் கவலையில்லை.

வேகத்தைப் பொறுத்தவரை, ஒற்றைக் கோரில் 12ஆம் தலைமுறை ஐ3கூட அந்த ஜியானைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் வேகம். எல்லாக் கோரும் ஓடும் ரெண்டரில் அதன் 14 கோரும் ஐ5-12400ன் 6 கோரும் ஏறக்குறையத் தோளோடு தோள். கடந்துபோன வருஷங்களின் கதை அந்த 14க்கும் 6க்கும் நடுவில் இருக்கிறது.

பழைய எபிக் வாங்கினால் இன்னொன்று கேளுங்கள்: எந்தக் கம்பெனியின் சர்வரிலிருந்து கழற்றியது? சில சர்வர் தயாரிப்பாளர்களின் போர்டில் முதல் முறை போட்டவுடனே அந்தப் பிராசசர் அந்தப் பிராண்டோடு நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். பாதுகாப்புக்காக வைத்த வசதி. அதை வேறு போர்டில் போட்டால் உயிர் வராது; பிராசசர் பழுதில்லை, ஆனால் உங்களுக்குப் பேப்பர் வெயிட். பூட்டில்லாதது என்று எழுதி வாங்குங்கள்.

இரண்டு பிராசசர் மாட்டும் இரண்டு சாக்கெட் போர்டு மலிவாகக் கிடைத்தாலும் யோசியுங்கள். ஒவ்வொரு பிராசசருக்கும் தன் பக்கத்து ரேம்தான் கிட்டம். அடுத்த பிராசசரின் ரேமை எட்டிப் பிடிக்கக் கூடுதல் நேரம் ஆகும். விர்ச்சுவல் மெஷின்களுக்கு இது பிரச்சினையில்லை, ஒவ்வொன்றையும் ஒரு பக்கம் கட்டிவிடலாம். ஒரே பெரிய மென்பொருளை இரண்டு பக்கமும் பரப்பினால் சில சமயம் ஒரு பிராசசரைவிட மெதுவாக ஓடும்.

படி 9: வாங்கியபின் முதல் இரண்டு நாள்

சர்வர் போர்டை முதன்முதல் ஆன் செய்து திரையில் ஒன்றும் வராவிட்டால் பதறாதீர்கள். டிடிஆர்5 குச்சிகளை அது ஒவ்வொன்றாகப் பழக்கிக்கொள்ள நிமிஷங்கள் ஆகும். எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். நடுவில் பவரைப் பிடுங்கினால் மறுபடி முதலிலிருந்து.

வந்தபின் முதலில் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை ஒரு ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் குச்சியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். "ஒண்ணுதானே" என்று விடக் கூடாது. அடுத்து உங்கள் வேலையையே எல்லாக் கோரும் நிரம்ப ஒரு மணி நேரம் ஓட்டி, முதல் ஐந்து நிமிஷ கிளாக்கையும் கடைசி ஐந்து நிமிஷ கிளாக்கையும் ஒப்பிடுங்கள். நிறைய இறங்கியிருந்தால் கூலரையோ காற்றோட்டத்தையோ பார்க்க வேண்டும். இதை மார்கழியில் செய்து பார்த்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள், சித்திரையில் இன்னொரு முறை பாருங்கள். இசிசி ரேம் வாங்கியிருந்தால் அது உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று லினக்ஸில் சரிபாருங்கள். ரேம் விவரத்தைக் கேட்டால் மொத்த அகலம் 64 பிட்டுக்கு மேல் காட்ட வேண்டும், பிழைகளை எண்ணும் இடாக் பகுதி விழித்திருக்க வேண்டும். குச்சி இசிசியாக இருந்தும் பயாஸில் அது அணைத்து வைக்கப்பட்டிருந்த மெஷின்களைப் பார்த்திருக்கிறேன்.

கோயம்புத்தூர் தம்பி அந்த ஜியானை விற்கப் போனான். கேட்ட விலையைச் சொல்லவே கூச்சப்பட்டான். விற்க வேண்டாம் என்றேன். மேசைக்கு ஐ5-12400ஐ 32 ஜிபி ரேமோடு வாங்கினான். ஜியான் லினக்ஸுக்கு மாறி மூலையில் உட்கார்ந்துகொண்டது. ராத்திரி கிளம்பும்போது ரெண்டரை அதில் போட்டுவிட்டுப் போகிறான். காலையில் 28 கட்டமும் நிரம்பி வேலை முடிந்திருக்கிறது. புது மெஷினில் மாடலைத் திருப்பியபடி மறுபடி ஒரு போட்டோ அனுப்பினான். 12 கட்டம், அதிலும் ஒன்றுதான் நிரம்பியிருந்தது. "இப்பவும் ஒண்ணுதானுங்ணா நிக்குது, ஆனா வழுக்கிட்டுப் போகுதுங்க" என்று கீழே எழுதியிருந்தான்.